நூர்ஜகானின் முக்கால் லிட்டர்

நோய் எங்கள் வீட்டுக்குள் செருப்பு வழியாக வந்தது.

உறவில் ஒரு நிக்காஹ். அதற்காக என் மனைவி நூர்ஜகான் எர்ணாகுளத்தில் புதுச் செருப்பு வாங்கினாள். சில நாட்களில் அது இறுக்குகிறது என்றாள். மட்டாஞ்சேரியிலிருந்து படகேறிப் போய் ஓர் அளவு பெரியதாக மாற்றி வந்தோம். அதுவும் இறுக்கியது. மறுபடி போனோம். கடைக்காரர் பெட்டிகளை உருட்டிப் பார்த்துவிட்டு, அக்கா முறை வைத்து, "இத்தா, இதுக்கு மேல ஆணுங்களோட சைஸ்தான் உண்டு" என்றார்.

"கழுவாமலே சுருங்குது. இதென்ன சாமான்?" என்று நூர்ஜகான் சண்டை பிடித்தாள். நானும் அவள் பக்கம் நின்று சண்டை பிடித்தேன். நானே ஒரு கடைக்காரன். கடைக்காரர்களை நம்பக்கூடாது என்பது எனக்கு உள்ளிருந்தே தெரியும்.

திரும்பி வரும் படகில் அவள் காலைத் தூக்கி எதிர் இருக்கையில் வைத்தாள். கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே இருந்தது. கரை வரும்வரை அது நிரம்பவில்லை. செருப்பின் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று அப்போது புரிந்தது. ஆனால் மன்னிப்புக் கேட்கப் போக நேரம் கிடைக்கவில்லை.

சிறுநீரக டாக்டர் திருச்சூர்க்காரப் பெண்மணி. அவர் மலையாளத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். எந்த மொழியிலும் அது இனிமையாக இருந்திருக்காது.

"மூத்திரத்தில் நுரை வந்ததா?"

"வந்துச்சு. பாத்ரூம் கழுவற சோப்புன்னு நெனச்சேன்" என்றாள் நூர்ஜகான்.

"எத்தனை நாளா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த சிறுநீரகப் படத்தைப் பார்த்தேன். பாதாம்பருப்பு போல, முந்திரி போல, அழகாகத்தான் இருந்தது.

கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியே தள்ள வேண்டிய இரத்தக் கழிவு) இருக்க வேண்டிய அளவைப் பல மடங்கு தாண்டியிருந்தது. நெடுங்காலமாகக் கவனிக்காத இரத்த அழுத்தம் இரண்டு சிறுநீரகங்களையும் சுருக்கிவிட்டது. டாக்டர் சுற்றி வளைத்துப் பேசாதவர். "சிறுநீரகம் சத்தம் போடாத உறுப்பு. அது சொல்லும்போது சொல்வதற்கு அதிகம் மிச்சம் இருக்காது" என்றார்.

இதை இதே வியாதியோடு இருப்பவர்களுக்கும், அவர்கள் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் எழுதுகிறேன். பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கு முதுகு வலிக்கும். அதை யாரும் கேட்க மாட்டார்கள்; கேட்கவும் கூடாது.

என்னைப் பற்றிக் கொஞ்சம். மட்டாஞ்சேரி பஜாரில் எனக்குச் சாக்குக் கடை. மிளகு, சுக்கு, ஏலக்காய் மண்டிகளுக்குச் சாக்கும் சணல் கயிறும் கொடுக்கிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று கவலைப்படாமல் உறையை மட்டும் விற்கும் தொழில். என் உடம்பையும் நான் அப்படித்தான் வைத்திருந்தேன். மிச்ச நேரத்தில் தமிழில் நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதுவேன். எங்கள் ராவுத்தர் குடும்பங்களில் வீட்டுக்குள் தமிழ், படிப்பதெல்லாம் மலையாளம். நூர்ஜகானுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். அதனால் எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டுவேன். அவள் கேட்டு முடித்துவிட்டு, "எங்க சிரிக்கணும்?" என்பாள். அவளைவிடக் கடுமையான விமர்சகர் எனக்கு வாய்க்கவில்லை.

தொழுகை, நோன்பு, தஸ்பீஹ் மணி உருட்டுவது எல்லாம் அவள் இலாகா. நான் வெள்ளிக்கிழமை முஸ்லிம். புத்தகம் நிறையப் படித்தவன் என்ற திமிரில், நம்பிக்கையை அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தேன். வேண்டுமானால் ஏணி போட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று.

டயாலிசிஸ் (இரத்தத்தை வெளியே எடுத்து இயந்திரத்தில் சலித்து மறுபடி உடம்புக்குள் விடுவது) தொடங்கியது. வாரம் மூன்று முறை. அதற்கு முன் இடது கையில் ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் இணைத்து, ஊசி தாங்கும்படி இரத்தக் குழாயைத் தடிக்க வைக்கும் சிறு அறுவை) செய்தார்கள். அந்த இடத்தில் விரல் வைத்தால் பூனை உறுமுவது போல ஓர் அதிர்வு இருக்கும். பலருக்கு அது அருவருப்பாக இருக்கும் என்று நர்ஸ் முன்கூட்டியே எச்சரித்தார்.

நூர்ஜகான் என் கையைப் பிடித்து அதன் மேல் வைத்தாள்.

"கேக்குதா? நிக்காம திக்ரு செய்யுது. நான் ஒறங்குனாலும் இது செய்யும்."

இறைநாமத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது திக்ரு. எனக்கு அந்த அதிர்வு பழைய ஃபிரிட்ஜை நினைவுபடுத்தியது. சொல்லவில்லை.

பிறகு தண்ணீர். சிறுநீரகம் நின்றவர்களுக்குக் குடிக்கும் தண்ணீர் போக வழியில்லை. உடம்பிலேயே தங்கும், முதலில் காலில், பிறகு நுரையீரலில். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் என்று டாக்டர் சொன்னார். சாயா, கஞ்சி, ரசம், மாத்திரைக்குக் குடிப்பது எல்லாம் அதற்குள். காலையில் ஒரு பாட்டிலில் அளந்து வைத்துவிடுவோம். மாலைத் தொழுகை நேரத்தில் பாட்டில் காலியாகிவிடும், தாகம் காலியாகாது. மூன்று பக்கமும் தண்ணீர் சூழ்ந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு அவள் ஐஸ்கட்டி ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு மழையைப் பார்ப்பாள்.

ரம்ஜான் வந்தபோது டாக்டர் நோன்பு கூடாது என்றார். "வருஷம் பூரா நோன்பு வெக்கச் சொல்லிட்டு, இந்த ஒரு மாசம் மட்டும் வெக்கக்கூடாதுங்கறாங்க" என்றாள். அதை நான் எழுதியிருந்தால், எங்கே சிரிக்க வேண்டும் என்று அவள் கேட்டிருக்க மாட்டாள்.

இனிமேல் சொல்லப்போகும் தவறு எங்களைப் போன்ற வீடுகளில் மட்டும் நடக்கக்கூடியது.

எங்களில் ஒருவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால், பார்க்க வருகிறவர்கள் ஓதி ஊதிய தண்ணீர் கொண்டுவருவார்கள். பள்ளிவாசல் உஸ்தாதிடம் போய், குர்ஆன் வசனம் ஓதவைத்து, தண்ணீரில் ஊதி வாங்கி வருவது. நூர்ஜகானுக்கு நல்ல பெயர். எல்லா வீட்டு விசேஷத்திலும் முன்னே நின்றவள். அதனால் எல்லா வீட்டிலிருந்தும் பாட்டில் வந்தது. பாலக்காட்டிலிருந்து ஒன்று, பொன்னானியிலிருந்து ஒன்று. உம்ராவுக்கு மக்கா போய் வந்தவர்கள் ஜம்ஜம் தண்ணீர் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்தவர் கண்முன்னால் ஒரு வாய் குடிக்க வேண்டும். இல்லையென்றால் அவர் முகம் வாடும். வந்தவர் முகம் வாடினால் நூர்ஜகானுக்குக் கிரியாட்டினின் ஏறுவதைவிட மோசம்.

அந்த ஒரு வாயை எங்கள் வீட்டில் யாரும் முக்கால் லிட்டரில் சேர்க்கவில்லை. பரக்கத்துக்கு (இறையருள்) மில்லிக் கணக்கு எப்படிப் போடுவது? நானும் போடவில்லை. நம்பிக்கை குறைந்த எனக்கே அது தண்ணீராகத் தோன்றவில்லை.

பக்ரீத் அன்று வீடு நிறைய ஆட்கள். பிற்பகல் அஸர் தொழுகைக்குள் அவளால் படுக்க முடியவில்லை. "படுத்தா முங்கற மாதிரி இருக்கு" என்றாள். உட்கார்ந்தபடியே மூச்சுக்கு ஏங்கினாள். நுரையீரலில் தண்ணீர் கோத்துவிட்டது. அக்கம்பக்கத்துக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு தோப்பும்படிப் பாலம் ஏறினோம். அன்று அவசரமாக டயாலிசிஸ் செய்து பிழைக்க வைத்தார்கள்.

"யார் இவ்வளவு தண்ணீர் கொடுத்தது?" என்று டாக்டர் கேட்டார்.

"வந்தவங்க கொஞ்சம் கொஞ்சம்…"

"எத்தனை கொஞ்சம்?"

ஆக்ஸிஜன் முகமூடிக்குள்ளிருந்து நூர்ஜகான், "ஓதின தண்ணி டாக்டர்" என்றாள்.

டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஓதினால் பலம் கூடும், இத்தா. அளவு குறையாது" என்றார்.

இதற்கு வழி கண்டுபிடித்தது பக்கத்து வீட்டு ரோசி சேச்சி. நூர்ஜகானுக்காக வல்லார்பாடத்துப் பள்ளியில் (மாதா கோயில்) முற்றம் அடித்துவாருவதாக மாதாவிடம் நேர்ந்துகொண்டு, துடைப்பத்தோடு போய் வாரிவிட்டும் வந்தவர்.

"எங்க பள்ளியில தீர்த்தத்தை யாராவது குடிக்கறாங்களா? விரலால தொட்டு நெத்தியில வெப்போம். அவ்வளவுதான். நீயும் தொட்டுக்கோ மோளே."

அதிலிருந்து நூர்ஜகான் ஓதிய தண்ணீரில் விரல்நுனியை நனைத்து இரண்டு இமைகளிலும் வைத்துக்கொள்வாள். கொண்டுவந்தவருக்கும் மனநிறைவு, நுரையீரலுக்கும் ஆபத்தில்லை. அவளுடைய தாய்மாமா கனி மாமுவுக்கு மட்டும் இது எந்த மதத்துப் பழக்கம் என்று சந்தேகம். "கண்ணு குளுந்தா எல்லா மதத்துலயும் நல்லதுதான் மாமு" என்று அவர் வாயை அடைத்துவிட்டாள்.

இதே நிலையில் இருப்பவர்கள் தயவுசெய்து இந்த ஒன்றை என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். அன்பாகக் கொடுக்கப்படும் தண்ணீரும் ஈரமானதுதான்.

சில மாதங்களில் சிறுநீர் அடியோடு நின்றது. டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு அப்படி ஆவதுண்டு. நூர்ஜகான் அதற்காக அழுதாள். வியாதி வந்ததற்கு அழாதவள், கை முழுக்கத் துளை போட்டபோது அழாதவள், மூத்திரம் நின்றதற்கு அழுதாள்.

"இது ஒரு தடவ திரும்ப வந்தாப் போதும்" என்றாள். "வேற ஒண்ணும் கேக்கல."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இருந்த ஆசை அந்த ஒன்றுதான்.

எங்களில் கழிப்பறைக்குள் போகும்போது இடது காலை முதலில் வைப்பது, வெளியே வரும்போது வலது காலை வைத்து ஒரு துஆ ஓதுவது சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுக்கப்படும். என் உடம்பிலிருந்து வேதனையைப் போக்கி எனக்குச் சுகம் தந்தவனுக்கே புகழ் என்பது போல அதன் பொருள் வரும். மற்ற மதத்து நண்பர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறேன். கக்கூசுக்கு நன்றி சொல்லும் ஆட்கள் நாங்கள் என்று.

சிறுநீர் நின்ற பிறகும் நூர்ஜகான் காலையில் எழுந்ததும் கழிப்பறைக்குப் போவாள். சும்மா உட்கார்ந்திருப்பாள். வெளியே வருவாள், வலது காலை வைத்து. உதடு அசையும்.

ஒருநாள் கேட்டுவிட்டேன். "வராததுக்கு எதுக்கு துஆ?"

"இத்தன வருஷம் வந்துச்சுல்ல."

"அப்பவும் சொன்னேல்ல?"

"அப்பல்லாம் வாய் சொல்லிச்சு. மனசு அடுக்களையில நிக்கும், சாயா பொங்குதான்னு. இப்பத்தான் கேட்டுக் கேட்டுச் சொல்றேன்."

அவள் அடுக்களைக்குப் போய்விட்டாள். நான் கழிப்பறைக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனையோ நூல்கள் படித்திருக்கிறேன்; யாரும் என்னை அந்த இடத்தில் அப்படி நிறுத்தியதில்லை.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்தலாம் என்றார் டாக்டர். பாலக்காட்டில் கட்டிக்கொடுத்திருக்கும் எங்கள் மகள் சபீனா உடனே தான் தருவதாகக் கிளம்பி வந்தாள். "ரெண்டு புள்ள பெத்துட்டு வந்து கிட்னி தர்றாளாம். போய்ப் புள்ளைங்களுக்குச் சோறு கொடு" என்று நூர்ஜகான் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

மிச்சம் நான்.

என் உடம்பு அதுவரை எந்தப் பரீட்சையிலும் பாஸானதில்லை. பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் என்னைப் பார்த்து மாஸ்டர் அழுதிருக்கிறார். ஆனால் இரத்தப் பிரிவு, திசுப் பொருத்தம் (கொடுப்பவர், வாங்குபவர் உடல்கள் ஒத்துப்போகுமா என்ற சோதனை), ஸ்கேன் எல்லாவற்றிலும் தேறினேன். "உங்கள் சிறுநீரகம் இரண்டும் பிரமாதம்" என்றார் டாக்டர். என் உள்ளே இருப்பதை ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் முறை. பத்திரிகை ஆசிரியர்கள் யாரும் அந்த அளவுக்குப் போனதில்லை.

நூர்ஜகான் ஒப்புக்கொள்ளவில்லை.

"ஒங்ககிட்ட ஒரு கைக்குட்டை வாங்குனாலே பத்து பேருகிட்ட கதையா சொல்லுவீங்க. கிட்னி வாங்குனா விடுவீங்களா?"

"சொல்ல மாட்டேன்."

"எழுதுவீங்க."

"எழுதவும் மாட்டேன்."

"நான் இருக்கற வரைக்கும்" என்றாள்.

அந்த நிபந்தனையை நான் மீறவில்லை.

எங்கள் பள்ளிவாசல் உஸ்தாதிடம் கேட்டோம். உயிரைக் காப்பாற்றக் கொடுப்பது கூடும் என்றார். பிறகு என்னிடம் தனியாக, "பயமுண்டோ?" என்று கேட்டார். உண்டு என்றேன். "அப்போ கொடுக்கறதுக்கு மதிப்புண்டு" என்று சாயா ஒன்று வரவழைத்துக் கொடுத்தார்.

இடது பக்கத்துச் சிறுநீரகத்தை எடுத்தார்கள். நினைவு திரும்பியபோது, விலாவுக்குக் கீழே யாரோ கோணி ஊசியால் தைத்தது போலிருந்தது. சாக்கு வியாபாரிக்கு அது தெரிந்த வலி. ஆனால் இதுவரை நான் சாக்காக இருந்ததில்லை. நூர்ஜகான் வேறொரு அறையில் இருந்தாள், கிருமி தொற்றாமல் இருக்கத் தனியாக. எனக்கு வலியைவிடப் பெரிய கேள்வி ஒன்றிருந்தது. பக்கத்தில் சபீனா நின்றாள். கதவோரம் ரோசி சேச்சி.

நர்ஸ் வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"இக்கா, இத்தாவுக்கு மூத்திரம் வந்து தொடங்கி. ஆபரேஷன் மேசையில வெச்சே வந்தது. பை நிறையறது."

சபீனா அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். ரோசி சேச்சி சிலுவை போட்டுக்கொண்டார். அடுத்த கட்டிலில் அப்பென்டிக்ஸ் எடுத்துவிட்டுப் படுத்திருந்த ஆசாமி, விவரம் எதுவும் தெரியாமலேயே, "நன்னாயி, நன்னாயி" என்றார். உலகத்தில் வேறு எங்காவது ஒரு பெண்ணின் மூத்திரத்துக்கு இத்தனை பேர் சந்தோஷப்பட்டிருப்பார்களா என்று தெரியவில்லை.

அதன் பிறகு ஒரு வருடத்துக்கும் மேலாக எங்களுக்குக் கிடைத்தது. அந்த நாட்களை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. சிரிக்க வைப்பது பழக்கம். சந்தோஷத்தை எழுதிப் பழக்கமில்லை.

இப்போது டாக்டரின் கட்டளை தலைகீழ். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். நூர்ஜகான் சமையலறை முக்காலியில் உட்கார்ந்து, வலது கையில் டம்ளரை எடுத்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, மூன்று மூச்சில் குடிப்பாள். குடித்துவிட்டு டம்ளரைப் பார்ப்பாள்.

"தண்ணிக்கு ருசி இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"குளோரின் ருசி."

"போங்க. கொஞ்சம் இனிக்கும். மொதல்ல இல்ல, எறங்குன பிறகு."

குடித்துப் பார்த்தேன். எனக்கு இனிக்கவில்லை. அவளுக்கு இனித்தது. தக்காளி இனித்தது. டயாலிசிஸ் காலத்தில் கூடாதென்று விலக்கி வைத்திருந்த நேந்திரம்பழத்தை அவித்து வைத்தபோது அந்த ஆவிக்கு முகத்தைக் காட்டினாள். கழிப்பறையிலிருந்து வெளியே வந்து சத்தமாகவே ஓதினாள். நான் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தால், "ஒங்களோடது நல்லா வேலை செய்யுது" என்று தகவலும் சொல்வாள். எங்கள் நெடிய தாம்பத்தியத்தில் நான் செய்த ஏதோ ஒன்று தினமும் நன்றாக இருக்கிறது என்று அவள் சொன்னது அந்தக் காலத்தில்தான்.

மாற்று உறுப்பை உடம்பு அந்நியன் என்று தாக்கும். அதைத் தடுக்க வாழ்நாள் முழுக்க மாத்திரை உண்டு (உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தாழ்த்தி வைப்பது). ஆனால் கதவைத் திறந்து வைத்தால் வேண்டிய விருந்தாளி மட்டும் வருவதில்லை. இரண்டாவது மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. நுரையீரலில் பூஞ்சைத் தொற்று. நம்மைப் போன்றவர்கள் தினமும் சுவாசித்து ஒன்றும் ஆகாமல் இருக்கும் அதே பூஞ்சை.

தீவிர சிகிச்சைப் பிரிவில் நாங்கள் பார்க்க அனுமதி கிடைத்த நேரம் கொஞ்சம். எதிர்ப்புச் சக்தியைக் கூட்டினால் சிறுநீரகம் போகும். குறைத்தால் நுரையீரல் போகும் என்றார் டாக்டர். நுரையீரலைக் காப்பாற்றுங்கள், என்னுடையது போனால் போகட்டும் என்றேன். அவர் மாத்திரையை நிறுத்தினார். சிறுநீரகம் போகவில்லை. அவளுடைய உடம்பு அதைத் தாக்கவே இல்லை. நுரையீரல்தான் திரும்பி வரவில்லை.

கடைசியாக நினைவோடு இருந்த காலையில் அவளால் பேச முடியவில்லை. முகமூடி. கண்ணைத் தாழ்த்திக் கட்டிலின் ஓரத்தைக் காட்டினாள். அங்கே சிறுநீர்ப் பை தொங்கிக்கொண்டிருந்தது.

"நெறைய இருக்கு" என்றேன். "நல்ல மஞ்சளா, தெளிவா இருக்கு."

முகமூடிக்குள் உதடு அசைந்தது. கண்ணாடி போன்ற அந்தப் பிளாஸ்டிக் பனித்து, தெளிந்து, மறுபடி பனித்தது. என்ன ஓதினாள் என்று கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு முன் போய்விட்டாள். டாக்டர் வெளியே வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். டாக்டர்கள் அங்கே உட்கார்வதில்லை, அதனால் எனக்குத் தெரிந்துவிட்டது. "உங்கள் சிறுநீரகம் கடைசி வரை வேலை செய்தது" என்றார். ஆறுதலுக்குச் சொன்னார். நான் தலையாட்டினேன். அதைக் கேட்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. இன்றும் முழுதாகத் தெரியாது.

கபர்ஸ்தானில் மூன்று பிடி மண் போட்டு நிமிர்ந்தபோது விலாப்பக்கம் இழுத்தது. கனி மாமு என் தோளைப் பிடித்துக்கொண்டார். வயதானவர், அழுது அழுது குரல் போயிருந்தது.

"உன்னோடது ஒண்ணும் உள்ள போயிருச்சேடா" என்றார்.

அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. என்னில் ஒரு துண்டு, நான் பிறந்ததிலிருந்து என்னோடு இருந்தது, மண்ணுக்குள் போய்விட்டது. அதற்கும் சேர்த்துத்தான் ஜனாஸா தொழுதிருக்கிறேன். கபர்வாசிகளுக்கு ஸலாம் சொல்லும்போது, நாங்களும் உங்களோடு வந்து சேருவோம் என்று சொல்வது வழக்கம். எல்லோரோடும் நானும் சொன்னேன். அவர்கள் எல்லாரையும்விட நான் கொஞ்சம் முன்னால் போயிருந்தேன்.

பிறகு வந்த மாதங்களில் நான் அல்லாஹ்வோடு பேசவில்லை. கோபம் என்று பெரிய வார்த்தை சொல்ல முடியாது. நீண்ட நாள் வாடிக்கையாளரோடு ஒரு சரக்கில் மனக்கசப்பு வந்தால், கடை வாசலில் பார்த்தும் பார்க்காதது போலப் போவோமே, அது போல. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போனேன், ஆட்கள் கேட்பார்கள் என்று. சுகமா என்று யாராவது கேட்டால் எங்களில் எல்லோரும் யோசிக்காமல் சொல்லும் பதில் அல்ஹம்துலில்லாஹ் (எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே). நான் "இருக்கேன்" என்றேன். கேட்டவர்கள் காத்திருப்பார்கள், அடுத்த சொல் வருமென்று. வராது. சாக்குகளை எண்ணத் திரும்பிவிடுவேன்.

சிறுநீரகம் கொடுத்தவர்கள் வருடத்துக்கு ஒருமுறை சோதித்துக்கொள்ள வேண்டும். நூர்ஜகானின் காய்ச்சலில் என் முறை தவறிப்போயிருந்தது. சபீனா போனில் அழுதாள், அதனால் போனேன்.

ஸ்கேனுக்கு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள். அவளோடு காத்திருந்த அதே தாழ்வாரம். டயாலிசிஸ் பகுதியின் கதவு திறந்து மூடியது. என் வரிசையில் ஒரு பெண் மூடி போட்ட சின்னப் பாட்டிலைத் திறந்து, உதட்டை நனைத்துக்கொண்டு மூடினாள். நான் என் பெரிய பாட்டிலைச் சட்டையால் மறைத்துக்கொண்டேன்.

ஸ்கேன் படத்தை டாக்டர் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். பழைய படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"பெரிதாகியிருக்கிறது" என்றார்.

என் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "வியாதி இல்லை, இக்கா. இரண்டில் ஒன்று போனால், மிச்சமிருப்பது கொஞ்சம் வளரும். இரண்டு பேர் வேலையைப் பார்க்க வேண்டுமே. எல்லாக் கொடையாளிக்கும் இருக்கும்."

"எப்ப வளந்துச்சு?"

"எடுத்த உடனே தொடங்கியிருக்கும். முதல் வாரங்களிலேயே. அப்புறம் மெல்ல மெல்ல."

எடுத்த உடனே. அப்படியென்றால் அவள் முக்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது. அவளுக்குள் ஒன்றும் எனக்குள் ஒன்றுமாக இரண்டும் தனித்தனியாக உழைத்துக்கொண்டிருந்தபோது. அவள் போன பிறகும், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்த நாட்களிலும், நான் சோறு இறங்காமல் எழுந்த வேளைகளிலும், யாரும் கேட்காமல், யாரும் சொல்லாமல், உள்ளே அது தன்னைப் பெரிதாக்கிக்கொண்டு என்னை வைத்திருந்திருக்கிறது.

துக்கம் குறைந்தது என்று சொல்ல மாட்டேன். அதற்கு ஸ்கேன் இல்லை. ஆனால் இதுவரை நான் காலத்தை அவள் இருந்த காலம், இல்லாத காலம் என்று இரண்டாக வெட்டி வைத்திருந்தேன். அந்த வெட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே வேலை நடந்துகொண்டிருந்திருக்கிறது என்பது எனக்குப் புதிது.

படகில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வல்லார்பாடத்துக் கிரேன்கள் வெயிலில் நின்றன. கை தானாக வலது விலாவுக்குக் கீழே போனது. அங்கே உறுமல் எதுவும் இல்லை, அதிர்வு இல்லை. அது சத்தம் போடாத உறுப்பு. சட்டைக்கு மேலாக வெதுவெதுப்பு மட்டும் இருந்தது. கையை எடுக்கவில்லை.

எங்கள் பஜாரில் சுமை தூக்கும் யூனியன்காரர் ஒருவர் எதிரே உட்கார்ந்திருந்தார். என் கையைப் பார்த்தார்.

"எந்தா இக்கா, வயறு வேதனையா?"

"இல்ல."

"சுகந்தானே பின்னே?"

படகு இறங்குதுறைக்குத் திரும்பியது. அவர் பதிலுக்குக் காத்திருந்தார்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். மெதுவாகத்தான் வந்தது; ஒவ்வோர் எழுத்தாக.